ஓசூரில் ஒரு தொடர் ஈரக் குருணையாக்க வரிசை: மெட்ஃபார்மின் ஓட்டிப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

ஓசூர் சிப்காட் வட்டாரத்தில் மாத்திரை ஆலைகளுக்கு இயந்திரம் செய்து தரும் ஒரு நிறுவனம், தன்னுடைய தொடர் ஈரக் குருணையாக்க வரிசையை வாடகைச் சோதனைக்குத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு முனையில் மருந்துத் தூளை ஊட்டினால், அது நனைந்து, குருணையாகி, உலர்ந்து, அரைபட்டு, மாத்திரை அடிக்கத் தயாரான நிலையில் மறுமுனையில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் என்பது அந்த வரிசையைப் பற்றி அவர்கள் தரும் உறுதி. வாங்கும் முன் நம் சொந்தத் தூளைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாம். எங்கள் ஆலையின் மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கான மருந்து) 500 மி.கி. கலவையை நாங்கள் அப்படி ஓட்டிப் பார்த்தோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இதே யோசனையில் இருக்கும் உற்பத்திப் பிரிவினருக்குப் பயன்படட்டும் என்று இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லும் குறைகளில் பல இவ்வகை இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை, அவற்றை ஒருவர் மீது மட்டும் ஏற்றுவது நியாயமாகாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருணையாக்கும் பகுதி மிகச் சிறந்தது. அதைப் பற்றி வாங்குகிறவர் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வரிசையின் தரத்தைத் தீர்மானிப்பவை அதற்கு முன்னால் இருந்து தூளை ஊட்டும் ஃபீடரும் பின்னால் இருந்து குருணையை உலர்த்தும் டிரையரும்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், தூளைப் பிசைந்து குருணையாக்கியபடி சுழலும் ஸ்க்ரூவின் முன்னால் நின்றுவிடுகிறார்கள், நிறுவனமும் அங்கேயே நிறுத்திக் காட்டுகிறது. டிரையரின் முன்னால் அதைவிடப் பல மடங்கு நேரம் நிற்க வேண்டும் என்பதே இந்தச் சோதனை எங்களுக்குக் காட்டியது.

மெட்ஃபார்மினை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வீடு தேடிச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அத்தகைய திட்டங்களில் நாள்தோறும் தேவைப்படும் மாத்திரை இது. ஆண்டு முழுவதும் ஒரே சரக்கை ஓட்டும் வாய்ப்பு இருந்தால்தான் தொடர் உற்பத்திக்குப் பொருள் உண்டு. இரண்டாவது காரணம் அதன் குணம். மாத்திரையின் எடையில் பெரும்பகுதி மருந்தே ஆகிவிடுவதால் கலவையைச் சரிசெய்ய மற்றத் துணைப்பொருள்களுக்கு இடம் மிகக் குறைவு. மருந்து தானாக இறுகாது. நீரில் மிக எளிதில் கரையும் என்பதால் நீர் சற்றே கூடினாலும் கலவை சட்டென்று சேறாகிவிடும். இந்தச் சரக்கில் தேறும் இயந்திரம் நம் ஆலைகளில் ஓடும் பெரும்பாலான சரக்குகளில் தேறும்.

இப்போது நம்மில் பெரும்பாலோர் செய்வது ஆர்.எம்.ஜி. எனப்படும் வேகக் கலவைக் கிண்ணத்தில் பிசைந்து, ஈரக் கலவையை மில்லில் உதிர்த்து, எஃப்.பி.டி. எனப்படும் சூடான காற்று உலர்த்தியில் உலர்த்தும் முறை. ராகிப் புட்டுக்கு மாவு பிசிறும்போது, பிடித்தால் பிடிபடவும் தொட்டால் உதிரவும் ஒரு பதம் பார்ப்போமே, ஆர்.எம்.ஜி.யின் மூடியைத் திறந்து கையுறை அணிந்த கையால் பழைய ஆபரேட்டர்கள் பார்ப்பதும் அதே பதம்தான். அவர்களுடைய கை தேர்ந்தது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கை விடுப்பில் போகும் நாளில் அடுத்த பேட்ச் வேறு மாதிரி வருகிறது. ஆய்வகத்தில் 5 கிலோவில் சரியாக வந்த பதம், 200 கிலோவுக்குப் போகும்போது மாறிவிடுகிறது, ஏனென்றால் பெரிய கிண்ணத்தில் தூள் சுழலும் வேகமும், நீர் பரவும் விதமும், பிளேடு கொடுக்கும் அழுத்தமும் சிறிய கிண்ணத்தில் இருந்தவை அல்ல. தொடர் முறையில் சிறிய அளவு, பெரிய அளவு என்ற வேறுபாடே எழுவதில்லை. அதே இயந்திரத்தை அதே வேகத்தில் கூடுதல் நேரம் ஓட்டினால் கூடுதல் சரக்கு கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த முறையை மதிக்கிறேன்.

முதலில் ஃபீடர். தூள் தொட்டி ஒரு தராசின் மேல் உட்கார்ந்திருக்கிறது; நொடிக்கு நொடி எடை எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்து, உள்ளே சுழலும் திருகின் வேகத்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு கூட்டிக் குறைக்கிறது. சீராக இறங்கும் தூளுக்கு இது அழகாக வேலை செய்கிறது. சிக்கல் வருவது தொட்டியை மீண்டும் நிரப்பும் நேரத்தில். மேலிருந்து தூள் விழும் அந்தச் சில நொடிகளுக்குத் தராசு தரும் எடையை நம்ப முடியாது. அதனால் ஃபீடர் கண்ணை மூடிக்கொண்டு பழைய வேகத்திலேயே ஓடுகிறது. அதே நேரத்தில் மேலே விழுந்த தூளின் எடையால் கீழே உள்ள தூள் அமுங்குவதால், ஒரு சுற்றுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்குகிறது. நீர் பம்ப் மட்டும் மாறாமல் ஓடுவதால் அந்த நொடிகளில் வரும் குருணை சற்று உலர்ந்தே பிறக்கிறது. தொட்டி பாதிக்குமேல் காலியாகும்வரை காத்திருந்து நிரப்புவதைவிட, அடிக்கடி சிறிது சிறிதாக நிரப்பினால் இந்த ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறைகிறது. நிறுவனத்தார் இதை எங்களுக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவர்களுடைய வழக்கமான அமைப்பில் நிரப்பும் இடைவெளி நீளமாகவே இருந்தது.

எங்கள் மெட்ஃபார்மின் சற்று ஒட்டும் தன்மை உடையது. மூட்டைக்குள் நாள்பட்டு இருந்தால் கட்டி பிடிக்கும். ஃபீடருக்குள் அது வளைவு கட்டி நின்றுவிடுவதும், நடுவில் மட்டும் குழியாக இறங்கிச் சுவரோரம் அப்படியே தங்கிவிடுவதும் நேர்ந்தன. தூளை ஊட்டும் முன் சலித்துவிட்டதும் பெரும்பாலும் சரியானது. ஆகவே இந்த வரிசையை வாங்குகிறவர், அதற்கு முன்னால் ஒரு நல்ல சிஃப்டரையும் சேர்த்தே கணக்கில் வைக்க வேண்டும். விலைப்பட்டியலில் அது இல்லை.

இனி ஸ்க்ரூ. இரண்டு ஸ்க்ரூக்கள் ஒரே திசையில், ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு பொருந்தும்படி சுழல்கின்றன. இவ்வகை இயந்திரங்களில் பலராலும் அறியப்பட்ட கான்சிக்மா 25 என்ற மாதிரியில் ஸ்க்ரூவின் விட்டம் 25 மி.மீ., நீளம் அதன் 20 மடங்கு. நாங்கள் ஓட்டியதும் ஏறத்தாழ அதே அளவுதான். தூள் உள்ளே விழுந்ததும் கடத்தும் பகுதி அதை முன்னே தள்ளுகிறது, நீர் சொட்டுகிறது, பிசையும் வட்டுகள் அதை அழுத்தி நீரை எங்கும் பரப்புகின்றன, மீண்டும் கடத்தும் பகுதி வெளியே தள்ளுகிறது. தூள் உள்ளே இருக்கும் நேரம் சில நொடிகள்தான். ஆர்.எம்.ஜி.யில் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும் வேலையை இது கண்ணெதிரே முடித்துவிடுகிறது. நிமிடத்துக்கு 500 சுற்றிலிருந்து 900 வரை மாற்றிப் பார்த்தோம். மெட்ஃபார்மினில் வேகத்தின் விளைவு சிறிது, நீரின் விளைவு பெரிது.

தூளைப் பிணைக்கும் பைண்டரை எப்படிச் சேர்ப்பது என்பதில் மட்டும் கவனம் தேவை. ஆர்.எம்.ஜி.யில் போவிடோன் என்ற பைண்டரைத் தூளோடு உலர்ந்த நிலையிலேயே கலந்துவிட்டு நீரை மட்டும் தெளிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அங்கே அது கரைய நேரம் இருக்கிறது. இங்கே சில நொடிகளில் தூள் வெளியேறிவிடுவதால், உலர்ந்த பைண்டர் முழுமையாகக் கரையாமலே போய்விடுகிறது. பைண்டரை நீரில் கரைத்துச் செலுத்தியபோதுதான் எங்கள் குருணை விரலில் நசுக்கினால் தூளாகாத உறுதியைப் பெற்றது. கரைசல் மிகவும் கெட்டியானால் பம்ப் துடித்துத் துடித்துத் தள்ளுகிறது, எனவே அதற்கும் ஓர் எல்லை உண்டு.

குருணையின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்.எம்.ஜி. குருணையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒரு பக்கம் நுண்தூள், மறுபக்கம் பெரிய கட்டிகள், நடுவில் குறைவு என்று இரு முகடாகப் பரவியிருக்கும். இது அந்த ஓட்டத்தில் நேர்ந்த பிழை அன்று; இரட்டை ஸ்க்ரூவின் இயல்பே அதுதான். பின்னால் வரும் மில் அதைச் சரிசெய்கிறது. ஆனால் இடையில் டிரையர் இருக்கிறது, அங்கேதான் இந்த இரு முகடும் தன் வேலையைக் காட்டுகிறது.

டிரையர் ஆறு அறைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு பாய்ம உலர்த்தி. கீழிருந்து சூடான காற்று எல்லா அறைகளுக்கும் பாய்கிறது. ஈரக் குருணை முதலில் ஓர் அறையில் விழுகிறது. குறித்த நேரம் ஆனதும் வாய் அடுத்த அறைக்குத் திரும்புகிறது. ஆறாவது அறை நிரம்பும் முன்பே முதல் அறையில் உள்ளது உலர்ந்து, உறிஞ்சப்பட்டு, மில்லுக்குப் போய்விடுகிறது. இப்படிப் பார்த்தால் இது முழுமையான தொடர் உலர்த்தல் ஆகாது. ஒவ்வொன்றும் ஒரு கிலோ அளவிலான சின்னஞ்சிறு பேட்ச்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. குருணையை அதிரும் தட்டில் நகர்த்திக்கொண்டே உலர்த்தும் வேறு வகைகளும் உலகில் உண்டு. அவற்றை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, எனவே ஒப்பிடப் போவதில்லை.

கணக்கைச் சற்று விரிவாகவே வைக்கிறேன். மணிக்கு 20 கிலோ தூள், ஓர் அறையை நிரப்ப 3 நிமிடம் என்றால் அறைக்கு ஒரு கிலோ. ஆறு அறையும் ஒரு சுற்று வர 18 நிமிடம். காலி செய்ய ஒரு நிமிடம் போக, ஓர் அறையில் முதலில் விழுந்த குருணைக்கு 17 நிமிடம் காற்று கிடைக்கிறது, கடைசியாக விழுந்ததற்கு 14 நிமிடம். இது தாங்கக்கூடிய வேறுபாடு. ஆனால் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் 9 நிமிடத்தில் உலர்த்தி முடிக்கலாம் என்று அமைத்தால், முதலில் விழுந்தது 9 நிமிடமும் கடைசியில் விழுந்தது 6 நிமிடமும்தான் உலரும். மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு. ஓர் அறையிலிருந்து எடுத்த மாதிரியின் எல்.ஓ.டி. (உலர்த்தும்போது குறையும் எடை, அதாவது மீதமுள்ள ஈரம்) சராசரி அழகாக 2 சதவீதத்துக்குள் இருக்கும், அதற்குள்ளே அதிகம் உலர்ந்த குருணையும் இன்னும் நனைந்த குருணையும் கலந்திருக்கும். நிரப்பும் நேரத்தைக் குறைத்தால் வேறுபாடு குறையும் என்று நினைக்கத் தோன்றும். குறைத்தால் அறைக்குள் சரக்கு போதாமல் காற்று ஓரிடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு மேலே போய்விடுகிறது, குருணை கொதித்தெழுவது போல் மிதப்பதில்லை. எங்கள் சரக்குக்கு ஒரு கிலோவை ஒட்டிய அளவே சரியாக அமைந்தது.

இதோடு முன்சொன்ன இரு முகடு சேர்ந்துகொள்கிறது. நுண்தூள் நொடியில் உலர்ந்துவிடும். கட்டிகள் மேலே உலர்ந்து உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். மில்லில் போய் அந்தக் கட்டி உடையும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியே வந்து சல்லடையில் ஒட்டுகிறது. எங்கள் ஓட்டத்தில் மில்லின் மோட்டார் சுமை மெல்ல ஏறிக்கொண்டே போனது. சல்லடைத் துளை அடைத்துவிட்டது என்று நிறுவனத்தின் பொறியாளர் அதைக் கழுவித் திரும்பப் பூட்டினார். எங்களோடு வந்திருந்த, எஃப்.பி.டி.யில் பல ஆண்டு வேலை செய்த ஆபரேட்டர் ஒருவர், "சார், மில்லுல ஒண்ணும் இல்ல, கட்டிக்குள்ள ஈரம் நிக்குது, தண்ணிய ஒரு புள்ளி குறைச்சுப் பாருங்க" என்றார். நீரைச் சிறிது குறைத்து, பிசையும் வட்டுகளின் எண்ணிக்கையையும் குறைத்ததும் கட்டிகள் சிறுத்தன, மில் சுமை இறங்கியது. அனுபவமுள்ள ஆபரேட்டரின் தேவை இந்த முறையில் ஒழிந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஓசூருக்கே உரிய ஒரு செய்தி. நாம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றோட்டத்தை அப்படியே இங்கே வைத்தால், டிரையருக்குள் உண்மையில் போகும் காற்றின் எடை ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்துவிடும். வெப்பத்தைச் சுமந்து செல்வது காற்றின் கன அளவு அன்று, அதன் எடை. அழுத்தம் குறைவதால் நீர் சற்று எளிதாக ஆவியாகும் என்பதால் இழப்பு முழுமையாக வந்து தாக்குவதில்லை, இருந்தாலும் அது இருக்கிறது. வெளிநாட்டு ஆலையின் அமைப்பையோ சென்னைப் பக்கத்து ஆலையின் அமைப்பையோ அப்படியே எடுத்து இங்கே போடக் கூடாது. எங்கள் கேள்விக்குப் பின்பே அந்தச் சோதனை மையத்தார் மீட்டர் காட்டுவது எந்த அழுத்தத்துக்கான கன மீட்டர் என்று தேடிப் பார்த்துச் சொன்னார்கள். சொல்லும்போது மறைக்காமல் சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

காற்றின் ஈரப்பதம் இதைவிடப் பெரிய விஷயம். கோடைப் பிற்பகலில் நம் ஊர்க் காற்று காய்ந்து கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் தூறல் விடாமல் பிடித்திருக்கும் நாள்களிலும், ஐப்பசி மழையிலும், 20 டிகிரியில் நிறைந்து நிற்கும் காற்று ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 16 கிராம் நீரைச் சுமந்து வருகிறது. அதை 60 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அந்த நீர் எங்கும் போவதில்லை. எஃப்.பி.டி.யில் இது பழகிப்போன விஷயம். மழை நாளில் ஆபரேட்டர் பத்து நிமிடம் கூடுதலாக ஓட்டிவிடுவார். தொடர் டிரையரில் அந்தப் பத்து நிமிடத்துக்கு இடமில்லை, ஏனென்றால் பின்னால் வரும் குருணை காத்திருக்காது. எனவே உள்ளே வரும் காற்றின் ஈரத்தை முன்கூட்டியே குளிர்வித்துப் பிழிந்தெடுக்கும் அமைப்பு இந்த வரிசைக்குக் கட்டாயத் தேவை. சோதனை மையத்தில் அது இருந்தது, நன்றாகவும் ஓடியது. விலைப்பட்டியலிலோ அது 'விருப்பத் தேர்வு' என்ற தலைப்பின் கீழ் கிடந்தது. நம் வட்டாரத்தில் அதை விருப்பம் என்று அழைப்பது பொருந்தாது. வாங்குகிறவர் அதை முதன்மை விலைக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

டிரையரின் மேல்பகுதி ஃபில்டர்களைப் பற்றி ஒரு வரி: நுண்தூள் அதிகம் என்பதால் அவை அடைபடும் வேகமும் அதிகம், காற்றை எதிர்த்திசையில் ஊதித் தட்டிவிடும் அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனாலும் நீண்ட ஓட்டத்தில் அழுத்த வேறுபாட்டைக் கண்காணித்தே ஆக வேண்டும்.

வெளியே வரும் குருணையின் ஈரத்தை அகச்சிவப்பு ஒளிக்கதிர் கொண்டு அந்தந்த நொடியில் அளக்கும் கருவி பொருத்தியிருக்கிறார்கள். முன்னரே நம் சரக்குக்கு என்று அளவீட்டு மாதிரி ஒன்றைக் கட்டித் தராவிட்டால் அந்தக் கருவி காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. எங்களுக்கு அவர்கள் கட்டித் தந்தது சில குருணை மாதிரிகளை மட்டுமே வைத்துத் தோராயமாகச் செய்தது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் சரியாகக் காட்டியது, அளவைத் துல்லியமாகக் காட்டவில்லை. சோதனைக்கு இது போதும்.

மாத்திரை எப்படி வந்தது? குருணையை எங்கள் ஆலைக்கே கொண்டுவந்து, எங்கள் கம்ப்ரெஷன் மெஷினில், எங்கள் பஞ்ச் அச்சுகளில் அடித்தோம். எடை ஏற்றத்தாழ்வு எங்கள் வழக்கமான பேட்ச்களைவிடக் குறைவு. கடினத்தன்மையும் உதிர்வும் வரம்புக்குள் நிதானமாக நின்றன. மெட்ஃபார்மினின் தீராத நோயான கேப்பிங், அதாவது மாத்திரையின் தொப்பி தனியே கழன்று வருவது, ஈரம் சரியாக நின்ற பகுதியில் தென்படவே இல்லை. டிரையரை வேகப்படுத்தி ஓட்டியபோது வந்த, கூடுதலாக உலர்ந்த குருணையில் தென்பட்டது. மாத்திரை கரையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாத்திரையின் தலைவிதி டிரையரில் எழுதப்படுகிறது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதை வைத்துத்தான்.

சட்டப் பக்கத்தை நினைத்துத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு இப்போது அடிப்படை குறைவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஓர்காம்பி மாத்திரைக்குத் தொடர் உற்பத்தி முறையில் அனுமதி கொடுத்தது. 2016-இல் யான்சென் நிறுவனத்தின் பிரெசிஸ்டா மாத்திரையைப் பேட்ச் முறையிலிருந்து தொடர் முறைக்கு மாற்ற இசைந்தது. மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.ஹெச். அமைப்பின் கியூ 13 என்ற தொடர் உற்பத்தி வழிகாட்டி 2022 நவம்பரில் ஏற்கப்பட்டது. பேட்ச் என்பதை ஓடிய நேரத்தாலோ உருவான அளவாலோ வரையறுக்கலாம் என்பதும், தவறிய பகுதியை மட்டும் வரிசையிலிருந்து விலக்கிவிடலாம் என்பதும் அதில் தெளிவாக இருக்கின்றன. இந்தியா அந்த அமைப்பில் பார்வையாளராக மட்டுமே இருந்தாலும், ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். உள்நாட்டில் 2023 டிசம்பரில் திருத்தி வெளியிடப்பட்ட, மருந்து ஆலைகளுக்கான உற்பத்தித் தர விதிகளான எம் அட்டவணைக்கு ஏற்பப் பல சிறு ஆலைகள் கட்டடத்தையும் காற்றமைப்பையும் மாற்றிக்கொண்டிருக்கின்றன. எப்படியும் சுவரை இடிக்கத்தான் போகிறோம் என்பவர்கள், இந்த வரிசைக்கு வேண்டிய இடத்தையும் அந்த வரைபடத்திலேயே யோசித்துக்கொள்வது நல்லது, ஆர்.எம்.ஜி.யும் எஃப்.பி.டி.யும் கேட்கும் உயரமான கூடம் இதற்குத் தேவைப்படுவதில்லை.

தவறிய பகுதியை விலக்குவது சொல்வதற்கு எளிது. எந்த நொடியில் ஃபீடர் தடுமாறியது, அந்தத் தூள் எந்த அறையில் போய் விழுந்தது, எப்போது மில்லைக் கடந்தது என்பதை வரிசையின் மென்பொருள் பின்தொடர வேண்டும். அறைகள் தனித்தனியாக இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. தவறிய ஒரு கிலோவைத் தனியே பிடித்து ஒதுக்கிவிடலாம். மையத்தின் மென்பொருள் இதை நன்றாகச் செய்தது. ஆரம்பத்தில் வரிசை நிலைகொள்ளும்வரை வரும் சரக்கும், இறுதியில் தொட்டி தீரும்போது வரும் சரக்கும் ஒதுக்கப்பட வேண்டியவை. குறைந்த அளவு ஓட்டுகிறவருக்கு இந்த இழப்பு உறுத்தும், நாள் முழுவதும் ஓட்டுகிறவருக்குப் பொருட்டல்ல.

மின்சாரம் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஓட்டத்தின் நடுவே மின்னழுத்தம் ஒரு நொடி சரிந்தது. கணினித் திரைகள் யு.பி.எஸ்.ஸில் நின்றன, ஸ்க்ரூவின் மோட்டார் நின்றுவிட்டது. ஸ்க்ரூக்கள் சுழலும் உருளையான பேரலுக்குள் இருந்த ஈரக் கலவை இறுகும் முன் ஆள் ஓடிப்போய்த் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று, டிரையரில் இருந்த ஆறு அறைச் சரக்கும் கழிவாகப் போனது. ஜெனரேட்டர் வந்து சேரும் இடைவெளியைத் தாங்கும் ஏற்பாடு மோட்டார்களுக்கும் இருந்தாக வேண்டும் என்று எங்கள் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

கழுவுவதில்தான் இந்த வரிசை அதிகப் புள்ளிகளை இழக்கிறது. பேரலையும் ஸ்க்ரூவையும் கழற்றுவதும் கழுவுவதும் சுலபம். டிரையரின் ஆறு அறைகள், அவற்றின் அடைப்பு வளையங்கள், சல்லடைத் தட்டு, மில்லுக்குப் போகும் குழாய் என்று அதற்குப் பிறகு நீளும் வேலை ஆளையும் நேரத்தையும் விழுங்குகிறது. தானாகக் கழுவும் அமைப்பு இருந்தும், வளையங்களின் இடுக்கில் வெள்ளைத் தூள் தங்கியிருந்ததைக் கண்ணாலேயே பார்த்தோம். காலையில் ஒரு மருந்து, மாலையில் வேறு மருந்து என்று மாற்றி ஓட்டும் ஒப்பந்த உற்பத்தி ஆலைகளுக்கு இது ஒத்துவராது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மையத்தின் சேவையைப் பொறுத்தவரை மனநிறைவோடு எழுதுகிறேன். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர்கள்தான் பெரும்பாலும். தமிழில் கேட்டால் தமிழிலும், எங்கள் தரப் பிரிவுப் பெண் கன்னடத்தில் கேட்டபோது கன்னடத்திலும் பொறுமையாக விளக்கினார்கள். எந்த அளவை மாற்றச் சொன்னாலும் மறுக்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு நொடியின் பதிவையும் கோப்பாகத் தந்தார்கள். அறிக்கை மட்டும் காலம் தாழ்த்தி வந்தது. வந்த அறிக்கையில் நாங்கள் கேட்டிருந்த அறைவாரியான ஈர அளவுகள் இல்லை, மீண்டும் கேட்டே பெற்றோம். எடையிடும் அறை குறுகலானது, ஒரே நேரத்தில் இரண்டு டிரம்களைக்கூட வைக்க முடியவில்லை.

விலைக்கு ஏற்ற பலன் உண்டா என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 20 கிலோ என்பது, 550 மி.கி. எடையுள்ள மாத்திரைக்கு மணிக்கு ஏறத்தாழ 36,000 மாத்திரை. ஒரு ஷிப்டுக்கு 160 கிலோ. நம் ஆலைகளில் உள்ள நடுத்தர ஆர்.எம்.ஜி. ஒரு ஷிப்டில் இதைப்போல் பல மடங்கு பிசைந்து தள்ளிவிடும்; எங்கள் கம்ப்ரெஷன் மெஷினும் இந்த வேகத்துக்குப் பாதி நேரம் சும்மா நிற்கும். மூன்று ஷிப்டும் ஓட்டினால் நாளுக்கு 480 கிலோ என்ற அளவு வருகிறது, அப்போது கணக்கு கூடிவருகிறது. இரவு ஷிப்டுக்குத் தேர்ந்த ஆளும், தடையில்லா மின்சாரமும், அதே சரக்குக்கு ஆண்டு முழுவதும் ஆர்டரும் இருக்கும் ஆலை இதை வாங்கலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நல்ல ஆர்.எம்.ஜி.யும் எஃப்.பி.டி.யும் போதும், அவற்றுக்கு ஈரம் அளக்கும் கருவியும் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் சேர்த்தாலே தரத்தில் பெரிய முன்னேற்றம் தெரியும். எங்கள் ஆலை இன்னும் வாங்கவில்லை. இரவு ஷிப்டுக்கான ஆள்கள் அமைந்ததும் மீண்டும் பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.

சோதனைக்குப் பதிவு செய்கிறவர்கள், மருந்துத் தூளை ஒரே லாட்டிலிருந்து எடுத்துப் போகாமல், வெவ்வேறு லாட்டுகளிலிருந்து கொண்டுபோங்கள். ஃபீடரின் உண்மையான குணம் அப்போதுதான் வெளிப்படும். குறுகிய ஓட்டங்களை மட்டும் ஒப்புக்கொள்ளாமல், ஒரு முழு ஷிப்டாவது நிறுத்தாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஃபில்டர் அடைப்பும் பேரல் சுவரில் படியும் படிவும் முதல் மணி நேரத்தில் தெரிவதில்லை. முடிந்தால் மழைக்காலத்தில் தேதி வாங்குங்கள். அறைவாரியாக, நிரப்பிய தொடக்கத்திலும் முடிவிலும் விழுந்த குருணையின் எல்.ஓ.டி. தனித்தனியாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.